எட்டு இல்லாத எண்

முதல் மணி அடித்து, கேள்வித்தாளைக் கொடுத்து, பெஞ்சு பெஞ்சாகப் போய் விடைத்தாளில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. இனி கடைசி மணி வரைக்கும் சண்முகக்கனிக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வில் ஹால் டியூட்டி என்றால் அதுதான். உட்காரக் கூடாது, படிக்கக் கூடாது, பக்கத்து அறை டீச்சரோடு பேசக் கூடாது, கொட்டாவி விடலாம், அதுவும் வாயைப் பொத்திக்கொண்டு. சும்மா இருப்பது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் சாத்தூர் ஏப்ரல் வெயிலில், ஃபேன் சுடுகாற்றை மட்டும் கிண்டிக்கொண்டிருக்கிற அறையில், மூட்டுவலியோடு மூன்று மணி நேரம் சும்மா இருந்து பார்க்கவேண்டும். இன்றைக்குச் சமூக அறிவியல். அவள் கணக்கு டீச்சர். கணக்குப் பரீட்சைக்குக் கணக்கு டீச்சரைப் போடமாட்டார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாளாம். இப்போது இருக்கிற அசதியில் அவளுக்கே யாராவது சொல்லிக்கொடுத்தால் தேவலை. செல்போனைக் காலையிலேயே வாங்கித் தலைமையாசிரியர் அறை பீரோவில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அது ஒரு வகையில் நிம்மதி. அந்தப் போனுக்குள் அச்சாபீஸ் குருசாமி இருந்தார், பெரியண்ணன் இருந்தார், மகள் அபிநயா இருந்தாள், மூன்று பேரும் ஒரே பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அபியின் கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்த்துத் தயாராக இருக்கிறது. "பரீட்சை முடிஞ்சதும் ஒரு போன் போடுங்க டீச்சர், ரெண்டு மணிக்கு மிஷின்ல ஏத்திருவேன். போன் வரலைன்னா இருக்கறபடியே ஓட்டிருவேன், அப்புறம் என்னையக் குத்தம் சொல்லக் கூடாது" என்று நேற்றுச் சாயங்காலம் குருசாமி சொல்லியிருந்தார். இருக்கிறபடி என்றால் ஒரு பெயர் இல்லாதபடி. வெயிலுகந்தாள் என்கிற பெயர். சண்முகக்கனிக்கு நேர் மூத்த அக்காவின் பெயர். அந்த வீட்டில் முப்பத்தொன்பது வருஷமாக யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர். அதைப் போடுவதா விடுவதா என்பதுதான் கேள்வி, அதற்கு மாற்று வினா கிடையாது.

பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இருபது பேனாவும் சேர்ந்து தாளில் ஓடுகிற சத்தம் கறையான் அரிப்பது மாதிரி கேட்கும், கூர்ந்து கேட்டால் தூக்கம் வரும். தூங்கக் கூடாது என்பதற்காக அவள் முன்பெஞ்சுப் பெண்ணின் ஹால்டிக்கெட்டைப் பார்த்தாள், பார்த்தவுடன் மனசு பதிவெண்ணைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. கண்ணில் பட்ட எண்ணைக் கூட்டிப் பார்க்காமல் அவளால் விட முடியாது. பஸ் டிக்கெட்டாக இருந்தாலும் சரி, கரண்ட் பில்லாக இருந்தாலும் சரி, செத்த வீட்டு வாசலில் நிற்கிற கார் நம்பராக இருந்தாலும் சரி. கூட்டினது மூன்றால் மீதியில்லாமல் போகிறதா, ஒன்பதால் போகிறதா, ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தால் பதினொன்றால் போகிறதா. சிலருக்கு வெற்றிலை, சிலருக்கு டி.வி. சீரியல், அவளுக்கு இது. ஆனால் சின்ன வயதில் அவள் வீட்டில் எண்ணைக் கூட்டியது இதற்கெல்லாம் இல்லை, எட்டு வந்துவிடுகிறதா என்று பார்க்கத்தான். பெரியண்ணன் அருணாசலம் லாரி வாங்கினால் நம்பரைக் கூட்டி எட்டு வரக் கூடாது. வந்தால் யாரையாவது பிடித்து, கையைக் காலைப் பிடித்து, வேறு நம்பர் வாங்கிவிடுவார். எட்டாம் தேதி பெண் பார்க்கப் போகக் கூடாது, பதினேழாம் தேதி கடை திறக்கக் கூடாது. அந்த வீட்டில் ஒன்பது பிள்ளைகள், எட்டாவது வெயிலுகந்தாள், ஒன்பதாவது கனி. எட்டாம் பேறு பெண் பிறந்தால் எட்டிப் பார்த்த வீடு குட்டிச்சுவர் என்று வெயிலு பிறந்த அன்றைக்கே வாசலில் நின்ற யாரோ சொல்லிவிட்டுப் போனார்களாம். அதற்குப் பிறகு ஆடு செத்தாலும் பருத்தி விலை விழுந்தாலும் அவள் எட்டிப் பார்த்ததுதான் காரணம். "நான் எங்க எட்டிப் பாத்தேன், தூங்கிட்டுத்தான இருந்தேன்" என்று அவள் சிரிப்பாள். கடைசியில் தீப்பெட்டி ஆபீஸ் லாரி ஓட்டிய சவரிமுத்துவோடு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். அவன் சாதியும் வேறு, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் வேறு. பெரியண்ணன் அரிவாளோடு பஸ் ஸ்டாண்டு வரை ஓடினார், பஸ் போயிருந்தது, திரும்பி வரும்போது அரிவாளை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு வந்தார், அதுதான் கனிக்கு அதிகப் பயமாக இருந்தது. அதிலிருந்து யாராவது உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் அம்மா எட்டு என்றாள். எட்டாவதை எடுத்துப்போட்டுவிட்டு எட்டு என்றாள். அந்த எட்டைக் கண்டு மட்டும் பெரியண்ணன் பயந்ததாகத் தெரியவில்லை.

ஒரு பெண் கையைத் தூக்கினாள், அடிஷனல் ஷீட் வேண்டுமாம், இத்தனை சீக்கிரமா என்று நினைத்துக்கொண்டே கொடுத்தாள், ஷீட்டின் மேல் அச்சடித்த எண்ணைக் கூட்டினாள், ஏழு வந்தது. வெயிலுவுக்குக் கூட்டத் தெரியாது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அஞ்சாவதோடு நின்றவள், நின்றவள் என்ன, நிறுத்தப்பட்டவள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. கனி பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒட்டுவாள். மயில்துத்தம் போட்ட மைதாப் பசை, அந்த நாற்றம் இப்போதும் சுவரொட்டி ஒட்டுகிற இடத்தைக் கடந்தால் வரும், வந்தவுடன் அக்காவின் விரல் ஞாபகம் வரும், நகத்தோரம் நீலமாகக் கிடக்கும். ஒருநாள் வெயிலு இடுப்பிலிருந்து ஒரு சின்ன கால்குலேட்டரை எடுத்தாள். தூத்துக்குடித் துறைமுகத்தில் வாங்கினதாம். வாங்கினது யார் என்று கனி கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "ஒண்ணுலருந்து ஒன்பது வரைக்கும் வரிசையா அடிடி. எட்டை மட்டும் விட்டுரு. இப்ப ஒன்பதால பெருக்கு." அந்தச் சனியன் எட்டு இலக்கத்துக்கு மேல் தாங்காத சரக்கு, முழி பிதுங்கி நின்றுவிட்டது. லேபிள் தாளின் பின்பக்கத்தில் கையாலேயே பெருக்கினார்கள். ஒன்பதொன்பது எண்பத்தொண்ணு, ஒண்ணைப் போட்டு மீதி எட்டு. ஏழொன்பது அறுபத்து மூணும் எட்டும் எழுபத்தொண்ணு, ஒண்ணைப் போட்டு மீதி ஏழு. ஆறொன்பது அம்பத்து நாலும் ஏழும் அறுபத்தொண்ணு. போகப் போக எல்லா இடத்திலும் ஒன்று ஒன்றாக விழுந்து, கடைசியில் ஒன்பது ஒன்றும் வரிசையாக நின்றபோது இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கனிக்குக் கணக்கு பிடித்துப்போனது அந்த நாளில்தான். பி.எஸ்ஸி. படித்து, பி.எட். படித்து, வேலைக்கு வந்து, வருஷா வருஷம் புது வகுப்பின் முதல் நாளில் அந்த எண்ணைத்தான் போர்டில் எழுதுவாள், 12345679. "இதுல யாரைக் காணோம்?" "எட்டு டீச்சர்!" "எட்டு எங்க?" "ஓடிப்போச்சு டீச்சர்!" வகுப்பே கொல்லென்று சிரிக்கும், அவளும் சிரிப்பாள். எட்டு ஓடிப்போன நம்பர் என்றே பெயர் வந்துவிட்டது. இன்றைக்குப் பஸ்ஸில் பார்க்கிற பழைய மாணவர்கள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துச் சிரித்து அவளுக்கு அலுத்துவிட்டது.

நேற்று ராத்திரி பெரியண்ணன் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. எழுபத்தைந்து வயதில் மூச்சு வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "நீ படிச்சவ, நான் சொல்ல என்ன இருக்கு. அவ பேரு இருக்கற பத்திரிகைல எம் பேரு இருக்கக் கூடாது, தம்பிகளும் அதையேதான் சொல்றானுக. தாய்மாமனுக்கு வேற ஆளு பாத்துக்கோ தாயி." தாய்மாமன் இல்லாத கல்யாணத்தை அவள் பார்த்ததில்லை. மணவறையில் மாலை எடுத்துக்கொடுக்க, பட்டுச்சேலையைத் தட்டில் வைத்து நீட்ட, "தாய்மாமன் எங்கப்பா, தாய்மாமன் வாங்க" என்று மைக்கில் கூப்பிடும்போது யாரும் எழுந்து வராமல் சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதை நினைத்தாலே அவளுக்குப் பயம். அபிக்கு அந்தப் பயம் கிடையாது. தூத்துக்குடியில் வேலை கிடைத்துப் போனவள், யாரிடமும் சொல்லாமல் பெரியம்மாவைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் சாப்பாடாம். சவரிமுத்து இறந்து மூன்று வருஷமாம், பெரியம்மா மீன் குழம்பு நன்றாக வைக்குமாம், எல்லாம் இப்போதுதான் சொல்கிறாள். "அவங்க பேரு இல்லாம எனக்குப் பத்திரிகையே வேண்டாம்மா. வாட்ஸப்ல அனுப்பிக்கறேன்." எத்தனை லேசாகச் சொல்லிவிட்டாள். கனியின் வீட்டுக்காரர் தர்மலிங்கம் இதைவிட லேசு, "உங்க வீட்டு விஷயம், நீ பாத்துச் செய்யி" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அண்ணனுக்கு ஆம் என்றால் மகளுக்கு இல்லை, மகளுக்கு ஆம் என்றால் அண்ணனுக்கு இல்லை, ஒருவருக்கும் பதில் சொல்லாமல் பீரோவில் பூட்டிய போன் மாதிரி இருந்துவிட்டால் குருசாமியே இருக்கிறபடி ஓட்டிவிடுவார். அதுதான் அவளுக்குள் இருந்த கெட்ட ஆசை. தான் எதுவும் செய்யாமல் அது தானாக நடந்துவிடட்டும் என்கிற ஆசை. மணி அடித்தது, ஒரு மணி நேரம் போயிருக்கிறது. மிச்ச நேரத்தைப் போர்டில் எழுதவேண்டும் என்பது வழக்கம், சாக்பீஸை எடுத்து எழுதினாள். எழுதிய கை நிற்கவில்லை. கீழே மூலையில் 12345679 என்று எழுதியது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது. அழிக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். இதை இரண்டால் பெருக்கினால் 24691358, ஏழைக் காணோம். நாலால் பெருக்கினால் ஐந்தைக் காணோம், ஐந்தால் பெருக்கினால் நாலைக் காணோம். பூச்சியத்தை விட்டுவிடலாம், அதை யார் ஆள் கணக்கில் சேர்க்கிறார்கள். எந்தக் கல்யாணத்திலும் யாராவது ஒருத்தர் கோபித்துக்கொண்டு வராமல் இருப்பது மாதிரி எதால் பெருக்கினாலும் யாரோ ஒருத்தர் வரவில்லை. இன்னொன்றும் உண்டு. இதில் இருக்கிற எல்லாரையும் கூட்டினால் முப்பத்தேழு, அந்த முப்பத்தேழால் வகுத்தால் மீதியே இல்லாமல் போகும். எட்டையும் கூப்பிட்டுச் சேர்த்து 123456789 என்று நிறுத்தினால் கூட்டுத்தொகை நாற்பத்தைந்து, நாற்பத்தைந்தால் வகுத்தால் போகாது, மீதி நிற்கும். எட்டு இல்லாவிட்டால்தான் குடும்பம் பிசிறில்லாமல் இருக்கிறது. கணக்கும் பெரியண்ணன் பக்கம்தான் பேசுகிறது என்று நினைத்தபடி சாக்பீஸை மேசையில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பறக்கும் படை வந்தது. பறக்கும் படை என்றால் பெயர்தான் அப்படி, வந்தவர் ஒரு குண்டு மனிதர், சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது, மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. இரண்டு பெஞ்சில் டெஸ்க்குக்கு அடியில் பார்த்தார், ஒரு பெண்ணின் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து மூடினார், பிறகு போர்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கனிக்கு அப்போதுதான் உறைத்தது. பரீட்சை நடக்கிற அறையில், போர்டில், டீச்சர் கையெழுத்தில் எட்டு எண்கள். ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு விடை, பொருத்துகவுக்கு விடை, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மெமோ, விசாரணை, சஸ்பென்ஷன், பத்திரிகையில் செய்தி, மகள் கல்யாண நேரத்தில் இது வேறு. எட்டு இல்லாமலே எட்டுக்கு உண்டான வேலையைக் காட்டிவிட்டதே என்று ஒரு நினைப்பு ஓடியது, அந்த நேரத்திலும். "இது என்னது மேடம்?" என்றார் மெதுவாக. "நம்பர் சார்." "நம்பருன்னு தெரியுது. என்ன நம்பர்?" "சும்மா எழுதினேன் சார். கணக்கு டீச்சர்." "சும்மாவா? நீங்க எழுதறது இருபது புள்ளைங்க பாக்கற போர்டு." அவர் கேள்வித்தாளை வாங்கி ஒவ்வொரு வினாவாக விரலை வைத்துப் பார்த்தார். விடைகள் எல்லாம் அ, ஆ, இ, ஈ என்றுதான் இருந்தன, பொருத்துகவில் ஐந்தே ஐந்துதான், ஏழும் ஒன்பதும் எங்கேயும் பொருந்தவில்லை. பார்த்து முடித்ததும் அவருக்கும் அசதிதான் தெரிந்தது. "ரிட்டயர் ஆகப்போற வயசுல என்னைய ஒரு ரிப்போர்ட் எழுத வைக்காதீங்க மேடம். அழிங்க." அழித்தாள். டஸ்டர் எங்கே என்று தேடாமல் கையாலேயே அழித்தாள். வாசல் வரை போனவர் திரும்பினார். "எதுக்கு எட்டை விட்டீங்க?" "நான் விடல சார். அது அப்படித்தான் வரும்." "அப்படித்தான் வரும்னா?" அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை, அடுத்த அறைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகும் கேள்வி வாசலிலேயே நின்றது.

அப்படித்தான் வரும்னா என்ன? முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொன்ன வேடிக்கை, ஒரு பிள்ளையும் ஏன் என்று கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கை முழுக்க சாக்பீஸ் மாவு. நெஞ்சு இன்னும் படபடத்துக்கொண்டிருந்தது, அதை அமர்த்தவாவது மனசுக்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும். ஒன்றை எண்பத்தொன்றால் வகுத்தால் இந்த எண் தசமத்தில் திரும்பத் திரும்ப வரும், அது தெரியும். எண்பத்தொன்று என்பது ஒன்பதொன்பது. ஒன்றை ஒன்பதால் வகுத்தால் புள்ளிக்குப் பிறகு ஒன்று ஒன்று ஒன்று என்று ஒன்றாகவே போகும். அப்படிப்பட்ட ஒரு வரிசையை அதே வரிசையால் பெருக்கினால் என்ன வரும்? ஒன்றுகளாலான ஒரு வரி, அதற்குக் கீழே ஓரிடம் தள்ளி இன்னொரு வரி, அதற்குக் கீழே இன்னும் ஓரிடம் தள்ளி இன்னொன்று, படிக்கட்டு மாதிரி. அவள் நடுவழியில் நின்று வெறும் சுவரில் அந்தப் படிக்கட்டை வரைந்து பார்த்தாள். முதல் இடத்தில் ஒரே ஒன்று. அடுத்த இடத்தில் இரண்டு ஒன்று. மூன்றாவது இடத்தில் மூன்று. அப்படியே ஏழு, எட்டு, ஒன்பது. எட்டு இருக்கிறது! ஓடிப்போகவில்லை, தன் இடத்தில்தான் இருக்கிறது, ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில். அப்புறம் என்ன ஆனது அதற்கு? அவள் சுவரையே பார்த்தாள். "மிஸ், நூல்" என்று யாரோ கேட்டார்கள், விடைத்தாளைக் கட்ட நூல் கொடுத்தாள், யாருக்குக் கொடுத்தாள் என்று தெரியவில்லை. ஒன்பதுக்குப் பின்னால் பத்து வருகிறது. பத்துக்கு ஓர் இடத்தில் இருக்கத் தெரியாது. இடம் கொள்ளாமல் ஒன்றைத் தூக்கி முன்னால் இருக்கிற ஒன்பதிடம் கொடுக்கிறது. மீதி ஒண்ணு, வாங்கிக்கோ. ஒன்பது வாங்கினால் அதுவும் பத்தாகிவிடும், அதாலும் வைத்துக்கொள்ள முடியாது, அந்த ஒன்றைத் தனக்கு முன்னால் இருக்கிற எட்டிடம் கொடுத்துவிட்டுத் தான் பூச்சியமாக நின்றுகொள்கிறது. எட்டு வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொண்டு ஒன்பதாகிறது. அத்தோடு நின்றுவிடுகிறது, ஏழு வரைக்கும் போகவில்லை. சரியாக எட்டுக்காகவே வந்த மாதிரி.

இத்தனை வருஷமாகப் போர்டில் கடைசியில் கம்பீரமாக நின்ற ஒன்பது, ஒன்பதே இல்லை. அது எட்டு. கை நீட்டி ஒருத்தர் கொடுத்ததை வாங்கி ஒரு படி ஏறி நிற்கிற எட்டு. காணாமல் போனது ஒன்பதுதான். பூச்சியமாகி அடுத்த சுற்றின் முன்னால் போய் நிற்கிறது, முன்னால் நிற்கிற பூச்சியத்தை யாரும் எழுதுவதில்லை. வகுப்பு வகுப்பாக எட்டு ஓடிப்போச்சு என்று கத்தவைத்தாளே, அக்காவை வைத்துப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தாளே. ஓடிப்போனவள் தூத்துக்குடியில் ஒரே வீட்டில் ஒரே புருஷனோடு இருந்தாள், ஒருநாள் எட்டிப் பார்க்கக்கூட இங்கே வரவில்லை. இங்கே இருந்த ஒன்பதாவது, கனி அல்லவா இல்லாமல் இருந்தாள், அண்ணனுக்குப் பயந்து, அம்மாவுக்குப் பயந்து, அபி சொன்ன பிறகும் அக்காவின் நம்பரைப் போனில் 'கேஸ் கம்பெனி' என்று போட்டு ஒளித்துவைத்துக்கொண்டு. பின்னால் வந்தவள், அபி, அந்தப் பத்து மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டாள். இதை வைத்துக்கொள்ளவும் முடியாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. முன்னால் கொடுத்துவிட்டு வெறும் ஆளாக நிற்கத்தான் முடியும். அண்ணன்மார் வராத மேடையில், சம்பந்தி வீட்டார் முன்னால், பூச்சியமாக. அவளுக்கு அது பயமாகத்தான் இருந்தது. பயம் போய்விடவில்லை, மூட்டுவலியும் போகவில்லை. ஆனால் எட்டு ஏன் இல்லை என்று இனிமேல் யாராவது கேட்டால் அவளிடம் பதில் இருந்தது.

எச்சரிக்கை மணி அடித்தது. பிள்ளைகள் அவசர அவசரமாகத் தலைப்புக்கு அடிக்கோடு போட்டார்கள். கடைசி மணியும் அடித்தது. தாள்களை வாங்கி, வரிசையாக அடுக்கி, எண்ணி, கட்டி, ஒப்படைத்துவிட்டு அவள் பீரோ முன்னால் வந்து நின்றபோது மற்ற டீச்சர்கள் எல்லாம் போன் வாங்க நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பெரியண்ணனின் தவறிய அழைப்புகள் இருந்தன. அபியிடமிருந்து ஒரே ஒரு கேள்விக்குறி. அவள் வராண்டா ஓரத்துக்கு வந்து கேஸ் கம்பெனியைக் கூப்பிட்டாள். அச்சாபீஸுக்கு முன்னால் இதை ஏன் செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

"யாரு?"

"அக்கா, நான் கனி."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"எந்தக் கனி?" என்று கேட்டுவிட்டு, கேட்டதைத் தானே பொறுக்காமல், "ஏ, கனி" என்றாள் வெயிலு. குரல் தடித்துப்போயிருந்தது. சிரிக்கிற இடம் மட்டும் அப்படியே இருந்தது.

"அபி கல்யாணப் பத்திரிகைல உன் பேரு இருக்குக்கா."

"வேண்டாம்டி. கிறுக்கச்சி மாதிரி ஏதாவது பண்ணாத. அண்ணன்மாரு வராமப் போயிருவாங்க. தாய்மாமன் இல்லாம அதென்ன கல்யாணம்? எம் பேரு எதுக்கு? நான் பின்னால ஒரு ஓரமா நின்னு புள்ளையப் பாத்துட்டு வந்துர்றேன். சாப்பிடக்கூட மாட்டேன். நான் எட்டிப் பாத்த எடம்..."

"அச்சாயிருச்சுக்கா" என்றாள் கனி.

"அச்சாயிருச்சா?"

"ஆயிரம் பத்திரிகை. இனிமே மாத்த முடியாது."

வெயிலு, "முழுப் பேரா போட்டிருக்க?" என்று கேட்டாள், ரொம்பச் சின்னக் குரலில்.

"முழுப் பேருதான்க்கா. மாமா பேரும் சேத்து."

அந்தப் பக்கத்தில் அழுகிற சத்தம் கேட்க ஆரம்பித்ததும் கனி போனை வைத்துவிட்டாள், இவளும் அழுதுவிட்டால் மற்ற வேலை நடக்காது. முகத்தைத் துடைத்தாள், சாக்பீஸ் மாவு கன்னத்தில் அப்பிக்கொண்டது. அச்சாபீஸில் முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம், வேறு யாருடைய கல்யாணமோ.

"சொல்லுங்க டீச்சர். இருக்கறபடி ஓட்டிரலாமா?"

"ஒரு பேரு விட்டுப்போச்சு. எழுதிக்கோங்க. திருமதி வெயிலுகந்தாள் சவரிமுத்து, தூத்துக்குடி."

குருசாமி உள்ளூர்க்காரர். எழுதுகிற சத்தம் ஒரு நொடி நின்று பிறகு ஓடியது. "காலைல உங்க அண்ணாச்சி பேசுனாருங்க டீச்சர். இப்படி ஏதாவது வந்தா அவரு பேர எடுத்துரச் சொன்னாரு. தம்பிமாரு பேரும்."

"யார் பேரையும் எடுக்க வேண்டாம். வர்றதும் வராததும் அவங்கவங்க பாடு. பத்திரிகைல எல்லாரும் இருக்கட்டும்."

"நாளைக்கு எங்கிட்ட வந்து சத்தம் போடுவாரே."

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரி டீச்சர். வயசுப்படிதான எல்லாத்தையும் போட்டிருக்கு? இவங்க எத்தனாவது?"

"எட்டாவது" என்றாள் கனி. மிஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது, "எத்தனாவது?" என்று மறுபடியும் கேட்டார். "எட்டாவது" என்று அவள் சத்தமாகச் சொன்னபோது, பீரோப் பக்கம் நின்ற டீச்சர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.